கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும்தானா கடிதம்?

அமெரிக்காவில் பல் மருத்துவம் படிக்க நினைக்கும் மாணவர், பள்ளி முடித்த கையோடு பல் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்துவிட முடியாது. முதலில் பெரும்பாலும் நான்காண்டுப் பட்டப்படிப்பு. அதில் உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் என்று ஆய்வகத்தோடு சேர்ந்த பாடங்கள். பிறகு 'டேட்' எனப்படும் நுழைவுத்தேர்வு. இடையிடையே பல் மருத்துவர்களின் கிளினிக்கில் கூடவே நின்று வேலையைப் பார்த்த அனுபவம். இவ்வளவையும் சேர்த்துக்கொண்டு, அமெரிக்கப் பல் மருத்துவக் கல்விச் சங்கம் நடத்தும் 'ஆட்சாஸ்' என்ற பொது விண்ணப்ப முறைக்குள் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். நியூ ஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் அந்த வரிசையில் உண்டு. மதிப்பெண் அவர்களுடையது. தேர்வை எழுதியவர்கள் அவர்கள். தங்களைப் பற்றிய கட்டுரையை எழுதப்போகிறவர்களும் அவர்களே. பேராசிரியர் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதம் மட்டும்தான் அடுத்தவர் கையில் இருக்கிறது. படிப்பில் கெட்டிக்காரர்களான பல மாணவர்கள் தடுமாறி நிற்பது இந்த இடத்தில்தான். பாடத்தைப் படித்துவிட முடிகிறது. பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டிக் கடிதம் கேட்க முடியவில்லை. இதைக் கூச்ச சுபாவம் என்று சொல்லித் தள்ளிவிடுவது வழக்கம். அப்படித் தள்ள முடியாது. யாருக்குக் கேட்க வருகிறது, யாருக்கு வரவில்லை என்று கவனித்தால், வளர்ந்த வீடும் படித்த பள்ளியும் அதில் பெரும்பங்கு வகிப்பது தெரிகிறது. அப்படியிருக்க, கடிதம் திரட்டும் பொறுப்பை மாணவர் தலையில் மட்டும் கட்டிவிட்டு, வந்து சேர்ந்த கடிதத்தை வைத்து அவருடைய தகுதியை அளப்பது நியாயமாகாது. கடிதம் இருக்கட்டும். ஆனால் மாணவரை அறிந்து அதை எழுதித் தருவது கல்லூரியின் கடமையாக மாற வேண்டும்.

நடைமுறை எப்படி என்று முதலில் பார்ப்போம். ஆட்சாஸ் விண்ணப்பத்தில் அதிகபட்சம் நான்கு கடிதங்களுக்கு இடமுண்டு. எந்தக் கடிதம் வேண்டும் என்பதை ஒவ்வொரு பல் மருத்துவக் கல்லூரியும் தானே முடிவு செய்கிறது. அறிவியல் பாடம் நடத்திய பேராசிரியர்கள் இருவர், பல் மருத்துவர் ஒருவர் என்பது பரவலாகக் காணப்படும் எதிர்பார்ப்பு. மாணவர் இணையப் படிவத்தில் பேராசிரியரின் பெயர், மின்னஞ்சல் முகவரி, கடிதம் வேண்டிய தேதி, ஒரு சிறு குறிப்பு ஆகியவற்றை நிரப்புகிறார். உடனே பேராசிரியருக்குத் தானியங்கி மின்னஞ்சல் ஒன்று போகிறது. அதிலுள்ள இணைப்பின் வழியே அவர் கடிதத்தை நேரடியாக ஏற்றிவிடுவார். மாணவர் கண்ணில் அது படுவதில்லை. படிவத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இந்தக் கடிதத்தைப் பின்னாளில் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா? 1974-இல் வந்த கல்வி உரிமை, அந்தரங்கச் சட்டம், மாணவர்களுக்குத் தங்கள் கோப்பைப் பார்க்கும் உரிமையைத் தந்தது. பரிந்துரைக் கடிதத்தைப் பொறுத்தவரை அந்த உரிமையை மாணவர் விரும்பினால் விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுத்தால்தான் இடம் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சட்டத்தில் கட்டாயம் இல்லையென்றாலும், பார்க்கும் உரிமையை வைத்துக்கொண்ட மாணவரின் கடிதம் மனம் திறந்து எழுதப்பட்டதா என்ற ஐயம் தேர்வுக்குழுவுக்கு வருமென்று மாணவர்களை வழிநடத்தும் ஆலோசகர்கள் எச்சரிக்கிறார்கள். அதனால் பெரும்பாலோர் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். ஆக, தன் வாழ்க்கையின் போக்கைத் தீர்மானிக்கும் ஒரு தாளை, தான் ஒருபோதும் பார்க்கப்போவதில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் மாணவர் கேட்கிறார். அவ்வளவு நம்பிக்கை வைப்பதற்கு எழுதுபவரை ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டாமா?

அந்தத் தாளால் என்ன சொல்ல முடியும் என்பதற்கு இரண்டு மாதிரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதல் கடிதம் இப்படிப் போகும்: 'இம்மாணவி என் கரிம வேதியியல் வகுப்பில் ஏ கிரேடு பெற்றார். தவறாமல் வகுப்புக்கு வந்தார். கடின உழைப்பாளி. சிறந்த பல் மருத்துவராக வருவார் என்று நம்புகிறேன்.' நான்கு வாக்கியமும் நல்ல வாக்கியங்கள்தான். ஆனால் முதல் வாக்கியம் மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறது. மற்ற மூன்றும் யாருக்கும் பொருந்தும். இரண்டாவது கடிதத்தை எழுதியவர் ஆய்வகத்தில் அந்த மாணவியின் அருகே நின்றவர் என்று வைத்துக்கொள்வோம். சூடான கரைப்பானில் பொருளைக் கரைத்து, ஆறவிட்டு, படிகமாக இறக்கித் தூய்மைப்படுத்தும் சோதனை. அவள் கரைப்பானைக் கூடுதலாக ஊற்றிவிட்டாள். படிகம் சரியாக இறங்கவில்லை. கிடைக்க வேண்டிய எடையில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. பக்கத்து மேசைகளில் நல்ல எண்கள். அவள் தன் குறிப்பேட்டில் கிடைத்த எடையை அப்படியே எழுதி, எங்கே தவறியது என்பதையும் ஒரு வரியில் சேர்த்து, நேரம் முடிவதற்குள் வடிநீரைக் காய்ச்சிக் கொஞ்சம் மீட்க முடியுமா என்று கேட்டாள். பேராசிரியர் இதை எழுதினால் அது மதிப்பெண் பட்டியலில் இல்லாத, தேர்வுக்குழுவுக்குத் தேவையான செய்தி. ஏனென்றால் பல் மருத்துவத்தில் இதே மாதிரியான ஒரு கணம் வந்தே தீரும். வேர்சிகிச்சை செய்யும்போது மயிரிழை போன்ற 'ஃபைல்' கருவி பல்லின் வேருக்குள்ளேயே சில சமயம் முறிந்துவிடும். கைதேர்ந்த மருத்துவருக்கும் இது நேர்வதுண்டு. நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருக்கும் நோயாளிக்கு எதுவும் தெரியாது; பார்க்க அங்கே மேலதிகாரி இருக்க மாட்டார். எக்ஸ்ரேயை எடுத்து, நடந்ததைச் சொல்லி, அடுத்து என்ன செய்யலாம் என்று விளக்குபவர் ஒருவர். மேலே அடைத்துவிட்டு அனுப்புபவர் இன்னொருவர். டேட் தேர்வில் இருவரும் ஒரே மதிப்பெண் வாங்கியிருக்கலாம்.

கடிதம் தேவை என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்கப் பல் மருத்துவர்களில் பெரும்பாலோர் தனியார் கிளினிக்குகளில் வேலை செய்கிறார்கள். பெரிய மருத்துவமனையில் இருப்பதுபோல நாலு பேர் சேர்ந்து ஒரு நோயாளியைப் பார்ப்பது கிளினிக்கில் குறைவு. எந்தப் பல்லுக்குச் சிகிச்சை தேவை, எதை விட்டுவைக்கலாம் என்பதை மருத்துவர் ஒருவரே தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானத்தில் அவருக்கு வருமானமும் இருக்கிறது. அப்படிப்பட்ட தொழிலுக்கு ஆளை எடுக்கும்போது, நேர்மை பற்றி நேரில் கண்ட ஒருவரின் சாட்சியத்தைக் கேட்பது சரியே. கேள்வி, அந்தச் சாட்சியம் உண்மையிலேயே கிடைக்கிறதா என்பதுதான்.

ஆய்வுகள் தரும் பதில் தெம்பூட்டுவதாக இல்லை. உயர்கல்விச் சேர்க்கையில் பரிந்துரைக் கடிதங்கள் எவ்வளவு தூரம் பயன்படுகின்றன என்று நேதன் குன்செலும் அவருடைய சகாக்களும் பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி 2014-இல் ஒரு பகுப்பாய்வு வெளியிட்டார்கள். மதிப்பெண்ணும் நுழைவுத்தேர்வும் ஏற்கெனவே கையில் இருக்கும்போது, கடிதம் அதற்கு மேல் கூடுதலாகச் சொல்வது மிகச் சொற்பம் என்பது அதன் சாரம். ஒரே ஒரு விஷயத்தில் கடிதத்துக்குச் சற்று மதிப்பு தெரிந்தது: எடுத்த படிப்பை மாணவர் விடாமல் முடிப்பாரா என்பதில். அதுகூட விடாமுயற்சி பற்றிய செய்திதான். மதிப்பெண் சொல்லாத செய்தி. இதற்கும் முன்னால், 1981-இல் வந்த இன்னோர் ஆய்வு வேறொரு குறையைக் காட்டியது. ஒரே மாணவரைப் பற்றி இரண்டு பேர் எழுதிய கடிதங்களைவிட, இரண்டு மாணவர்களைப் பற்றி ஒருவரே எழுதிய கடிதங்கள் ஒன்றையொன்று அதிகம் ஒத்திருந்தன. அதாவது, கடிதத்தில் தெரிவது பெரும்பாலும் எழுதியவரின் முகம். தாராளமாகப் பாராட்டுபவரிடம் போன மாணவர் தப்பித்தார். அளந்து பேசுபவரிடம் போனவர் மாட்டிக்கொண்டார். பெண்கள் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் பணிக்கு வந்த 300-க்கும் மேற்பட்ட கடிதங்களைப் பிரான்சஸ் டிரிக்ஸும் கேரலின் சென்காவும் படித்து 2003-இல் எழுதினார்கள்: பெண்களுக்கான கடிதங்கள் சராசரியாகச் சிறியவை, ஐயம் கிளப்பும் சொற்றொடர்கள் அவற்றில் கூடுதல். 54 நாடுகளிலிருந்து புவி அறிவியல் ஆய்வுப் பணிக்கு வந்த 1,200-க்கும் மேற்பட்ட கடிதங்களை ஆராய்ந்த 2016-ஆம் ஆண்டுக் கட்டுரையும், மிகச் சிறந்த கடிதம் கிடைக்கும் வாய்ப்பு பெண்களுக்குக் குறைவு என்றே கண்டது. இவை பல் மருத்துவ விண்ணப்பங்களைப் பற்றிய ஆய்வுகள் அல்ல என்பது உண்மை. ஆனால் எழுதுபவர்கள் அதே வகைப் பேராசிரியர்கள்; கடிதம் மட்டும் வேறு மாதிரி வந்துவிடும் என்று நம்பக் காரணமில்லை.

இவையெல்லாம் கடிதம் எழுதப்பட்ட பிறகு வரும் சிக்கல்கள். அதற்கு முந்தைய சிக்கலைத்தான் யாரும் போதுமான அளவுக்குப் பேசுவதில்லை. பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு வேதியியல் வகுப்பில் 300 பேர்கூட உட்கார்ந்திருப்பார்கள். ஆய்வகத்தை நடத்துபவர் ஆராய்ச்சி மாணவர். விடைத்தாளைத் திருத்துவதும் அவரே. ஆனால் பல் மருத்துவக் கல்லூரி கேட்பது பேராசிரியரின் கையெழுத்தை. சோதனையில் தவறியதை நேர்மையாக எழுதிய மாணவியைக் கண்ணால் கண்டவருக்குக் கடிதம் எழுதும் தகுதி இல்லை. எழுதும் தகுதி உள்ளவர் அவளைப் பார்த்ததே இல்லை! இந்த இடைவெளியைக் கடக்க ஒரே பாலம், பேராசிரியர் வாரத்தில் குறிப்பிட்ட நேரம் தம் அறையில் மாணவர்களுக்காகக் காத்திருக்கும் 'ஆபீஸ் அவர்ஸ்'. யார் அங்கே போகிறார்கள் என்பதைச் சமூகவியலாளர் ஆண்டனி ஜாக் 2019-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் படித்த ஏழை மாணவர்களில், உதவித்தொகை பெற்று வசதியான தனியார் பள்ளிகளில் படித்து வந்தவர்கள் பேராசிரியரிடம் சகஜமாகப் போய்ப் பேசினார்கள். சாதாரண அரசுப் பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள் ஒதுங்கியே இருந்தார்கள். இரு தரப்பும் ஏழைகள்தான். ஆசிரியரோடு பழகும் முறையை ஒரு பள்ளி கற்றுக்கொடுத்திருந்தது, இன்னொரு பள்ளி கற்றுக்கொடுக்கவில்லை. ஜெசிக்கா கலார்கோ தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து 2018-இல் எழுதிய நூலும் இதன் வேரைத் தொடுகிறது. நடுத்தர வர்க்கப் பெற்றோர், தெரியவில்லையென்றால் டீச்சரிடம் போய்க் கேள் என்று சொல்லி வளர்க்கிறார்கள். உழைக்கும் வர்க்கப் பெற்றோர், டீச்சரைத் தொந்தரவு செய்யாதே, நீயே முயன்று பார் என்று சொல்லி வளர்க்கிறார்கள். இரண்டாவது வளர்ப்பில் மரியாதையும் தன்மானமும் இருக்கின்றன. பதினைந்து ஆண்டு கழித்து, அதே மரியாதை கடிதமில்லாத விண்ணப்பமாக வந்து நிற்கிறது.

குடியேறிய குடும்பங்களிலும் இதுதான் கதை. ஆசிரியரைத் தெய்வத்துக்கு அடுத்த இடத்தில் வைத்துப் பேசும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, பேராசிரியர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 'என்னைப் பற்றி நன்றாக எழுதித் தருவீர்களா?' என்று கேட்பது நெஞ்சழுத்தமாகத் தெரியும். தாய்தந்தையர் இந்தியாவில் மதிப்பெண்ணையும் ரேங்க்கையும் மட்டும் நம்பி மேலே வந்தவர்கள். தமிழ்நாட்டில் பி.டி.எஸ். இடம் கிடைக்க எந்த ஆசிரியரின் கடிதமும் வேண்டியதில்லை. முன்பு பிளஸ் டூ மதிப்பெண், 2017 முதல் நீட் மதிப்பெண். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, 'நல்லாப் படி, மத்ததெல்லாம் தானா வரும்' என்று பிள்ளையிடம் சொல்கிறார்கள். அமெரிக்கச் சேர்க்கை முறையில் இந்தக் கடிதம் தானாக வராது. பெற்றோர் மருத்துவராகவோ பேராசிரியராகவோ இருக்கும் வீடுகளில் இதைச் சொல்லித்தர ஆளிருக்கிறது. மோட்டலும் மளிகைக் கடையும் நடத்தும் வீடுகளில், இரவுப் பணிக்குப் போகும் வீடுகளில் யார் சொல்லித்தருவார்கள்?

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும், அதில் நியாயமும் இருக்கிறது. பல் மருத்துவர் என்பவர் நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களோடு பேசிப் பழக வேண்டியவர். பயந்துபோய் வருபவரை அமைதிப்படுத்த வேண்டும். கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டும். கட்டணத்தைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு பேராசிரியரிடம் போய்க் கடிதம் கேட்கவே துணிவில்லாதவர் இதையெல்லாம் எப்படிச் செய்வார்? ஆகவே கேட்பதே ஒரு பரீட்சைதான், அது இருக்கட்டும் என்பார்கள். பேச்சுத் திறன் தேவை என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அதிகாரத்தில் தனக்கு மேலே இருப்பவரிடம் சலுகை கேட்கும் திறமையும், நாற்காலியில் பயத்தோடு படுத்திருப்பவரிடம் ஆறுதலாகப் பேசும் திறமையும் வேறு வேறு. பேராசிரியரிடம் சரளமாகப் பேசிக் கடிதம் வாங்கியவர் வரவேற்பறைப் பெண்ணிடம் சிடுசிடுப்பதும், பேராசிரியர் முன்னால் நா எழாதவர் தன் பாட்டியின் பல்செட்டைக் கழுவி மாட்டிவிட்டுப் பொறுமையாகப் பேச்சுக் கொடுப்பதும் உலகத்தில் இல்லாததா? நோயாளியோடு பேசும் திறனை அளக்க நேர்காணல் இருக்கிறது. கிளினிக்கில் கூட நின்ற பல் மருத்துவரின் கடிதம் இருக்கிறது. வேதியியல் பேராசிரியரிடம் கேட்பதை அதற்கான பரீட்சையாக்கினால், தவறான ஆட்கள் தேறுவார்கள். தவிர, பரீட்சை என்றால் பாடத்தை முதலில் நடத்தியிருக்க வேண்டும். கேட்பது எப்படி என்று எந்தப் பாடத்திட்டத்தில் நடத்துகிறார்கள்?

அப்படியானால் கடிதத்தையே ஒழித்துவிடலாமே என்பது எதிர்த்திசையிலிருந்து வரும் வாதம். இதற்கு வரலாறும் துணை நிற்கிறது. 1920-களில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணைத் தாண்டி 'குணநலன்' பார்க்கத் தொடங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம், நன்றாகப் படித்து உள்ளே வந்த யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது என்பதை ஜெரோம் காரபெல் தம் 2005 நூலில் ஆவணங்களோடு நிறுவினார். சான்றுக் கடிதமும் நேர்காணலும் அந்தக் கருவிப் பெட்டியில் இருந்தவை. பல் மருத்துவத்திலேயே இதற்கொரு வேதனையான உதாரணம் உண்டு. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகப் பல் மருத்துவக் கல்லூரியில் 1948 முதல் 1961 வரை யூத மாணவர்கள் திட்டமிட்டுத் தோல்வியடையச் செய்யப்பட்டார்கள், அல்லது வெளியேற்றப்பட்டார்கள். கையில் திறமை போதவில்லை என்று மதிப்பீடு செய்து அனுப்பினார்கள். எண்ணால் சரிபார்க்க முடியாத அத்தகைய மதிப்பீடு, வெறுப்புக்கு வசதியான மறைவிடம். 2012-இல் பல்கலைக்கழகம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. தனிமனிதரின் கருத்தைத் தகுதிக்கு அளவுகோலாக்கினால் என்ன நடக்கும் என்று அஞ்சுபவர்கள் காரணமின்றி அஞ்சவில்லை.

ஆயினும் கடிதத்தை எடுத்துவிட்டால் மீதமிருப்பது என்ன? மதிப்பெண், நுழைவுத்தேர்வு, சொந்தக் கட்டுரை, அனுபவப் பட்டியல். நுழைவுத்தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு விற்கிறது. கட்டுரையைச் செப்பனிட்டுத் தர ஆள் விற்கிறது. சொந்தக்காரரின் கிளினிக் இருந்தால் அனுபவமும் எளிது. இந்த நான்கில் மூன்று கதவுகளைப் பணம் திறக்கும். இரவு வேலை பார்த்துக்கொண்டே படித்ததால் ஒரு பருவத்தில் மதிப்பெண் சறுக்கிய மாணவருக்காகப் பேச, அவரை அறிந்த ஒரு பேராசிரியரின் சொல்தான் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பட்டப்படிப்புச் சேர்க்கைக்குக் கடிதங்களைச் சோதனை முறையில் கேட்டுப் பார்த்தார்கள். பொருளியலாளர் ஜெசி ராத்ஸ்டீன் அதை ஆராய்ந்தபோது, வாய்ப்புக் குறைந்த பிரிவுகளைச் சேர்ந்த மாணவர்களைக் கடிதங்கள் வெளியே தள்ளவில்லை; சற்றே உதவின என்று தெரிந்தது. பள்ளி ஆசிரியர்கள் உள்ளிட்டோர் எழுதிய கடிதங்கள் அவை. மாணவரை நேரில் அறிந்தவர்கள் எழுதியவை. என் வாதத்துக்கு இதில்தான் ஆதாரம் இருக்கிறது. அறிந்தவர் எழுதினால் கடிதம் எளியவருக்குத் துணை. அறியாதவர் எழுதினால் வசதியானவருக்கு இன்னுமொரு வசதி. ஆகவே சீர்திருத்தம் தொடங்க வேண்டிய இடம் அறிமுகம்.

வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் அவசர சிகிச்சை மருத்துவத் துறை 1990-களிலேயே கட்டற்ற புகழ்ச்சிக் கடிதங்களை விட்டுவிட்டு, வரையறுத்த கேள்விகள் கொண்ட பொதுப் படிவத்துக்கு மாறியது. மாணவரோடு எத்தனை காலம், எந்தச் சூழலில் வேலை செய்தீர்கள், உடன் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் எந்த இடத்தில் வைப்பீர்கள் என்று நேராகக் கேட்கிறது அந்தப் படிவம். பல் மருத்துவச் சேர்க்கைக்கும் அப்படியொரு படிவம் வந்தால், 'கடின உழைப்பாளி' என்ற வாக்கியத்துக்குப் பின்னால் ஒளிய முடியாது. தவறு நேர்ந்தபோது இவர் என்ன செய்தார், நீங்களே கண்டது என்ன என்ற ஒரு கேள்வி போதும். பாதிக் கடிதங்களின் தரம் மாறிவிடும். ஆய்வகத்தை நடத்திய ஆராய்ச்சி மாணவரின் குறிப்பையும் சேர்த்துப் பேராசிரியர் கையெழுத்திடும் முறையை எல்லாக் கல்லூரிகளும் வெளிப்படையாக ஏற்க வேண்டும். சில பல்கலைக்கழகங்களில் மருத்துவத் துறைப் படிப்புகளுக்கான ஆலோசனைக் குழு மாணவரை நேரில் பார்த்துப் பேசி, பல ஆசிரியர்களின் கருத்தைத் தொகுத்து ஒரே கடிதமாக அனுப்புகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே இருப்பவருக்குக் குழுக் கடிதம் தர மறுக்கும் இடங்களும் உண்டு. கல்லூரியின் சேர்க்கை விகிதம் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்யப்படும் இந்த வடிகட்டல், குழுவின் நோக்கத்தையே குலைக்கிறது. பேராசிரியர்களுக்கு நேரமில்லை என்பார்கள். மெய்தான், ஒரு நல்ல கடிதத்துக்கு ஓரிரு மணி நேரமாவது பிடிக்கும், முப்பது பேர் கேட்டால் ஒரு வாரமே போய்விடும். அப்படியென்றால் அந்த வேலையைக் கற்பித்தல் கணக்கில் சேர்த்து, பணிச்சுமையில் கழித்துக்கொடுங்கள். இன்று அது யாருடைய கணக்கிலும் வராத தயவாக இருக்கிறது. தயவாக இருக்கும்வரை, அதைக் கேட்கத் துணிந்தவருக்கே கிடைக்கும்.

முறை மாறும்வரை காத்திருக்க இப்போது படிக்கும் மாணவருக்கு நேரமில்லை. அவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: கடிதம் கேட்கும் நாளுக்கு ஓராண்டு முன்பே அறிமுகத்தைத் தொடங்குவது. பருவம் தொடங்கிய மூன்றாம் வாரத்தில், புரியாத ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு பேராசிரியரின் அறைக்குப் போகலாம். முதல் தடவை கால் நடுங்கும். கதவு திறந்திருக்கும் நேரம் உங்களுக்காக ஒதுக்கப்பட்டது என்பதை நினைவில் கொள்ளுங்கள். பல பேராசிரியர்கள் அந்த நேரத்தில் யாரும் வராமல் தனியே உட்கார்ந்திருக்கிறார்கள். கடிதம் கேட்கும்போது நேரில் கேட்பது நல்லது. 'எனக்குக் கடிதம் தருவீர்களா?' என்று கேட்காமல், 'பல் மருத்துவத்துக்கு நான் ஏற்றவன் என்று வலுவாக எழுதும் அளவுக்கு என்னைத் தெரியும் என்று நினைக்கிறீர்களா?' என்று கேட்டால், மறுக்க விரும்புபவருக்கு ஒரு கண்ணியமான வழி கிடைக்கும். அவர் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போவது லாபம். அரைமனதுக் கடிதம் கடிதமில்லாததைவிடக் கெடுதல். சம்மதித்தவரிடம் மதிப்பெண் பட்டியல், சொந்தக் கட்டுரையின் வரைவு, அவர் வகுப்பில் நீங்கள் செய்த ஓரிரு வேலைகளின் நினைவூட்டல், கெடுதேதி ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஜூன் தொடக்கத்தில் விண்ணப்பம் போக வேண்டுமென்றால் மார்ச்சிலேயே கேட்டுவிட வேண்டும். பல கல்லூரிகள் விண்ணப்பங்கள் வர வர இடங்களை நிரப்புவதால் தாமதமான கடிதம் இடத்தையே விழுங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பணிவாக நினைவூட்டுவதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் நேரடித் தொடர்பு இன்னொன்றும் இருக்கிறது. இங்கே நான்காண்டு பி.டி.எஸ். படிப்பையும் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சியையும் முடித்த பலர், அமெரிக்காவில் தொழில் செய்ய அங்குள்ள கல்லூரிகளில் இரண்டு, மூன்று ஆண்டுப் படிப்பில் மறுபடி சேர வேண்டியிருக்கிறது. 'காபிட்' என்ற விண்ணப்ப முறை அவர்களுக்கானது. அதிலும் கடிதங்கள் வேண்டும். படித்த கல்லூரியின் முதல்வரிடமிருந்தே வேண்டும் என்று கேட்கும் கல்லூரிகள் பல. இங்கே பரவலாக நடப்பது நமக்கெல்லாம் தெரியும். 'நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்' என்று சொல்லிவிடுகிறார்கள். மாணவர் இணையத்தில் கிடைத்த மாதிரியைப் பெயர் மாற்றி எடுத்து வருகிறார். ஒரே கல்லூரியிலிருந்து ஒரே சொற்களோடு கடிதம் மேல் கடிதமாகப் போனால், படிப்பவர் எதையும் நம்ப மாட்டார். உண்மையிலேயே சிறந்த மாணவியின் கடிதமும் அந்தக் குவியலில் மதிப்பிழந்து போகும். அமெரிக்க வேதியியல் பேராசிரியருக்காவது 300 பேரில் ஒருவரைத் தெரியாது என்ற காரணம் உண்டு. நம் பல் மருத்துவக் கல்லூரிகளில் ஒரு வகுப்பில் நூறு பேர்தான். துறைத்தலைவர்களே, முதல்வர்களே, மூன்றாம் ஆண்டு முதல் மாணவர் ஒருவர் உங்கள் துறையின் நாற்காலி அருகே நின்று, நீங்கள் பார்க்கப் பல்லைச் சீவியிருக்கிறார், அடைத்திருக்கிறார், பிடுங்கியிருக்கிறார். ஹவுஸ் சர்ஜனாக ஒரு முழு ஆண்டு உங்கள் கண்முன் நோயாளிகளிடம் பேசியிருக்கிறார். அவரைப் பற்றிச் சொல்ல உங்களிடம் இருப்பதில் பாதிகூட அமெரிக்கப் பேராசிரியரிடம் இருக்காது. அந்த ஒரு பக்கக் கடிதத்தை நீங்களே எழுதுங்கள். ஒவ்வொரு துறையிலிருந்து பயிற்சி முடித்துப் போகும்போதும் மாணவரைப் பற்றி நாலு வரி உண்மையான குறிப்பு எழுதிக் கோப்பில் வைக்கும் வழக்கத்தை இந்த ஆண்டே தொடங்குங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் போனவருக்கும் சேர்த்து.